ஒன்பதாவது இணைப்பு

மனு எழுதுவதில் எங்கள் மாதா கோயில் பங்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நினைப்பு என்ன, கர்வம்தான். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்திவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு மேசையைத் தாண்டும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்று உறையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற கையோடு கோயிலில் ஏழைகளுக்கு உதவும் குழுவில் சேரச் சொன்னார்கள். அரிசி பருப்பு கொடுப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் மனு எழுதித் தருகிறேன் என்றேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, விதவைச் சான்று என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மற்ற மனுக்களுக்கும் என் மனுக்களுக்கும் உள்ள வித்தியாசம் இணைப்புகள். கேட்பது ஒரு தாள் என்றால் நான் மூன்று வைப்பேன். ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதி, நூல் கோத்துக் கட்டிக் கொடுப்பேன். கனமான கோப்பை எந்த அதிகாரியும் சட்டென்று ஒதுக்கிவிட மாட்டார் என்பது என் சர்வீஸில் நான் கண்டது. வீட்டில் என் மனைவி, “ஒரு மனுவுக்கு இத்தனை ஜெராக்ஸா, அந்தக் கடைக்காரர் உங்க பேரச் சொல்லி ஊடு கட்டிடுவாரு” என்று கேலி செய்வாள். நான் சிரிக்க மாட்டேன். வேலை விஷயத்தில் கேலி எனக்குப் பிடிக்காது.

அந்த அம்மா பல்லடம் சாலைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கோன் சுற்றும் வேலை பார்ப்பவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், அரசு நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருடம். மாமனார் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலை செய்தபோது புறம்போக்கில் போட்ட வீடு, மேலே சிமெண்ட் ஷீட். சுற்றியிருந்த சில குடும்பங்களுக்குப் பட்டா வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. எந்த நேரமும் காலி செய்யச் சொல்லலாம் என்ற பயம். கோயிலில் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்காருவார். ஷிப்ட் முடிந்து நேராக வருவதால் முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு நேரில் பேசும்போது ‘நீ, வா, போ’தான். சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற ஊர் இது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் அந்த அம்மாவை மட்டும் அப்படிக் கூப்பிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் தாத்தா ரயில்வே வேலைக்காகத் தெற்கேயிருந்து போத்தனூரில் வந்து இறங்கியவர். நாங்கள் பல தலைமுறைக் கிறிஸ்தவர்கள், எந்தச் சாதி என்று கேட்டால் மெல்லிய குரலில் தயங்காமல் சொல்லிக்கொள்கிற ஆட்கள்.

பட்டாவுக்கான மனுவை எழுதிய அன்று ஆதார், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கணவரின் இறப்புச் சான்று என்று வரிசையாக அடுக்கினேன். மகளின் கல்லூரி அடையாள அட்டையையும் சாதிச் சான்றிதழையும் வைத்தேன். வீட்டின் போட்டோவும் சேர்த்து எட்டு ஆயிற்று. மகளின் தாள்கள் பட்டா மனுவுக்குத் தேவையே இல்லை. இருக்கட்டும், கனம் கூடும் என்று வைத்தேன். எட்டு எண்ணியபின் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கி ஒன்பதாவதாக வைத்துவிடலாம், பின்னால் ஒரு கோயிலே நிற்கிறது என்று தெரிந்தால் அதிகாரிகளுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். சாமியார் புதிதாக வந்தவர். முந்தின ஞாயிறு பூசை முடிவில் அரிசி கொடுத்தவர்களுக்கும் பாடகர் குழுவுக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். மனு எழுதுகிற என்னை விட்டுவிட்டார். கடிதம் கேட்டுப் போய் நின்றால் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கும் தெரியட்டுமே என்று இருந்தது. இவ்வளவு அற்பமான காரணம்.

அந்த அம்மா தயங்கினார். “சார், ஃபாதர் லெட்டர் வேண்டாமுங்களே.”

“ஏன்?”

மேசையில் விரித்திருந்த தாள்களைப் பார்த்தார். “இல்லீங்க... புள்ளயோட சர்டிபிகேட்டும் இதுலயே இருக்குதுங்களே...”

“இருந்தா என்ன?”

அறையில் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது வேற, இது வேறயா இருக்கட்டுமுங்க சார்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வேலையில் ஒருவர் குறுக்கே வந்தால் வருகிற கோபம். ஆனால் வாயில் வந்தது என்னவோ வேதம். “ஞாயித்துக்கிழமையானா முக்காடு போட்டுக்கிட்டு வந்து நற்கருணை வாங்கத் தெரியுது. அதை ஒரு தாள்ல எழுதினா மட்டும் கசக்குதா? விசுவாசத்தை மறைச்சு வைக்கிற ஆளுக்கு மாதா எப்படிம்மா உதவி செய்வா?” எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். காத்திருந்தவர்களில் ஒருவர் தலையாட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

“தப்புத்தானுங்க சார். வெச்சுருங்க” என்றார்.

சாமியார் நல்ல கடிதம் கொடுத்தார். இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர்கள், மகள் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தோம். வாங்கியவர் புரட்டிப் பார்த்து, “யாருங்க எழுதினது? நீட்டா இருக்குதே” என்றார். நான் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் விசாரணைக்கு ஓர் ஆள் வந்து, வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தையும் அதில் தொங்கிய ஜெபமாலையையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை, நின்றபடியே வாங்கிப் படித்தேன்.

நோட்டீஸ் பட்டாவைப் பற்றியது அல்ல. இணைப்பு ஒன்பதின்படி இவர்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரியவருகிறது, அப்படியிருக்க இணைப்பு ஏழின்படி மகள் இந்து ஆதிதிராவிடர் என்று சாதிச் சான்று பெற்றிருக்கிறார், அதை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நான் போட்ட எண்களையே எடுத்து எழுதியிருந்தார்கள். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. சான்று போனால் சீட்டும் போகும்.

பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தப் பட்டியலில் இல்லை. தெரு அதே தெருதான், கூலி அதே கூலிதான், டீக்கடையில் பார்க்கிற பார்வையும் அதேதான். பட்டியல் மட்டும் மாறிவிடும். அதனால் தாளில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. எங்கள் பங்கில் இது தெரியாதவர்கள் யாருமில்லை.

எனக்கும் தெரியும். அதுதான் கேவலம். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் ஒரு ஞாயிறு சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு, இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று நாங்கள் பூசை வைத்து மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டை எழுதுகிறவனே நான்தான். கையெழுத்து இயக்கத்துக்குத் தாள் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவனும் நான்தான். அப்படிப்பட்டவன் அந்த இரண்டு தாள்களையும் என் கையாலேயே ஒரே நூலில் கோத்துக் கட்டினேன். கட்டும்போது மனதில் சின்ன நெருடல்கூட இல்லை. ஞானஸ்நானம் வாங்கியதால் என் குடும்பத்தில் யாரும் எதையும் இழந்ததில்லை. எங்களுக்கு வலிக்காததால் என் நினைவில் அது இல்லை.

“நான் அன்னைக்கே சொல்லப் பாத்தனுங்க சார். அத்தன பேரு முன்னால வெச்சுச் சொல்ல முடியலீங்க” என்றார் அந்த அம்மா.

“அப்புறமாவது வந்து சொல்லியிருக்கலாமே?” அந்த நிலையிலும் தப்பை அவர் பக்கம் தள்ளிப் பார்த்தேன்.

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டனுங்க.”

அன்றே சாமியாரிடம் போய்ச் சொன்னேன். தன் கையெழுத்தா இந்த வேலை செய்தது என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. “என்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டால் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதை இல்லை என்று சொல்ல முடியாதே, கூப்பிடாமல் இருக்க வேண்டும்” என்றார். வழி கண்டுபிடித்தது அந்த அம்மாதான். விசாரணைக்கு முந்தின நாள் போன் செய்தார். “நாளைக்கு நான் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதீங்க சார். அது மட்டும் போதுமுங்க.”

விசாரணை செய்த அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். மேசைமேல் என் கோப்பு, நான் கட்டிய நூலோடு. ஒரு பக்கம் அந்த அம்மாவும் மகளும், ஓரத்து நாற்காலியில் நான். மகளை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

“சர்ச்சுக்குப் போவீங்களாம்மா?”

“அரிசி பருப்பு குடுக்கறப்போ போவனுங்க.”

“வீட்ல மாதா படம் இருக்குதே?”

“அது எல்லா ஊட்லயுந்தானுங்க இருக்குது. பக்கத்துல மாரியாத்தா படமும் மாட்டியிருக்குதுங்க. அந்த சார் அதப் போட்டோ புடிக்காம போயிட்டாருங்க.”

அது உண்மையா, அன்றைக்காக மாட்டியதா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக எத்தனையோ நாள் ‘உழைத்தேன்’ என்று சொல்லிக்கொண்டவன், அதுவரை அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

அதிகாரி ஒன்பதாவது தாளைத் திருப்பிக் காட்டினார். “அப்ப இந்த லெட்டர்?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நிதானமாகச் சொன்னார். “அந்த சாருக்கு வயசாயிருச்சுங்க. நல்ல மனுசருங்க. வர்றவங்க அத்தன பேருக்கும் ஒரே மாதிரி எழுதி, ஃபாதர்கிட்டக் கையெழுத்து வாங்கி வெச்சுப்போடுவாருங்க. எனக்கு அவ்வளவா படிக்க வராதுங்க. போடுன்னாரு, கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவருக்குப் படிக்க வரும். ஒரு ஞாயிறு பூசையில் வேதம் வாசிப்பவர் வராதபோது முதல் வாசகத்தைத் தடுமாறாமல் வாசித்தவர்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்படிங்களா சார்?”

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதக் கை கூசுகிறது. அந்தப் பெண்ணின் படிப்பு தோன்றவில்லை. எனக்கா வயசாகிவிட்டது, நானா பார்க்காமல் வைப்பவன் என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அம்மாமேல் கோபம் வந்தது. “ஒவ்வொரு கடிதமும் விசாரித்துத்தான்...” என்று ஆரம்பித்தும்விட்டேன். பாதி வாக்கியம் வெளியே வந்துவிட்டது.

மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இவர் இப்படித்தான் செய்வார் என்று முன்பே தெரிந்திருந்த முகம்.

நான் நிறுத்தினேன். “இல்லை. இதைச் சரியாப் பாக்காம வச்சுட்டேன்” என்றேன். குரல் எழும்பாததால் அதிகாரிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எனது கவனக்குறைவால் இக்கடிதம் இணைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அந்த அம்மா கைகூப்பினார். “மன்னிச்சுக்கோங்க சார். வயசாயிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். வேற வழி தெரியலீங்க.”

“பரவாயில்ல, போ” என்றேன். அவர் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தவனிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனதோடு மன்னித்தேன். பஸ் ஏறிப் பாதி வழி வந்தபிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

சான்றிதழ் தப்பியது. மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று ஒரு வரியில் தாள் வந்தது. பட்டா வரவில்லை. அந்த அம்மா கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். யாராவது பார்த்துப் புகார் எழுதிப் போட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறவரை, போனபிறகும்கூட, வர முடியாது. கடைசி பெஞ்சில் வேறு யாரோ உட்கார ஆரம்பித்தார்கள்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அரசு அதிகாரிமுன் பொய் சொன்னேன், பொய்ச் சாட்சி எழுதிக் கொடுத்தேன் என்று முழங்காலிட்டுச் சொன்னேன். சாமியார் “அது ஒண்ணுதானா?” என்று கேட்டார். அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த ஜெபங்களைச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நான் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே நியாயமான பொய் அது. அதைப் போய்ப் பாவமென்று கொட்டிவிட்டு, நாலு பேர் முன்னால் அந்த அம்மாவின் விசுவாசத்தை அளந்து பார்த்ததைச் சொல்லாமல் விட்டேன். அப்போது அது பாவமென்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்ற இன்னும் சில மாதங்கள் ஆயின.

ஆகஸ்ட் வந்தது. வழக்கம்போல வாசலில் இளைஞர்கள் நின்று ஆளுக்கொரு கறுப்புத் துணியைக் குத்திவிட்டார்கள். வழக்கம்போல மன்றாட்டை நான் எழுதியிருந்தேன், வாசிக்கவும் நானே போனேன். “எங்கள் சகோதர சகோதரிகள் தங்கள் விசுவாசத்தை அச்சமின்றி அறிக்கையிட...” என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலோரப் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. தாளில் இருந்ததை எப்படியோ வாசித்து முடித்தேன். பூசைக்குப் பிறகு இரண்டு பேர் வந்து, இந்த வருடம் உருக்கமாக வாசித்தீர்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்று மேசை போடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பல்லடம் சாலைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு கடையில் விசாரிக்க வேண்டியிருந்தது. கோப்பில் எட்டாவது இணைப்பாக அந்த வீட்டின் போட்டோவை ஒட்டியவன் நான், வழி தெரியவில்லை.

அந்த அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அட, வாங்க சார், வாங்க.” இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். கண் என் சட்டையில் இருந்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“சார், ஒண்ணு சொன்னாத் தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கறுப்புத் துணியக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. ஆராச்சும் பாத்தாங்கன்னா கேப்பாங்க.”

குண்டூசி சட்டென்று வரவில்லை. அவர் என்னை மறைத்தாற்போல முன்னால் நின்றுகொண்டார். கழற்றிக் கைக்குள் மடக்கிக்கொண்டு முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனேன். ஒரே நாற்காலி, அதை எனக்குப் போட்டார். சுவரில் மாரியாத்தா படம் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது.

வழியெல்லாம் எழுதி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அந்த அம்மா காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தார். அவரே கேட்டார்.

“இன்னைக்கு எங்களுக்காக வெக்கிற பூசை தானுங்களே சார்?”

“ஆமாங்க.”

“ஆளு நெறைய வந்திருந்தாங்களா?”

“நெறைய வந்திருந்தாங்க” என்றேன்.